நினைவில் வைத்திருக்கும் ஒருவர்

உங்களுக்கு முதன்முதலில் அம்மை வார்த்தது எந்த வயதில்? எந்த உணவு உங்கள் உடலுக்கு ஒவ்வாது? சிறுவயதில் இரவு நேரத்தில் எதைக் கண்டு அஞ்சினீர்கள்? இவ்வினாக்களுக்கு விடை கூற நீங்கள் தடுமாறலாம். ஆனால் உங்கள் அன்னையாரைக் கேட்டுப் பாருங்கள். அடுப்படியில் நின்றவாறே, எந்த ஏட்டையும் புரட்டாமல், அனைத்துக்கும் விடை கூறிவிடுவார். அன்னையார் இல்லையேல் பாட்டியார் கூறுவார். பாட்டியார் இல்லையேல் தமக்கையார் கூறுவார். ஒரு குடும்பம் தன் பிள்ளைக்குச் சோறும் துணியும் மட்டுமா அளிக்கிறது? அப்பிள்ளையைப் பற்றிய நினைவையும் தன்னிடம் காத்து வைத்திருக்கிறது. அந்த நினைவே பிள்ளையின் நலத்திற்கு முதற் காவல்.

பெற்றோர் வீட்டில் வளரும் பேறு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. தாய் தந்தையரை இழந்தவர் சிலர். பெற்றோர் இருந்தும், வறுமையாலோ நோயாலோ அவரைப் பிரிய நேர்ந்தவர் சிலர். வீட்டிலே கொடுமைக்கு ஆளாகி, இரயிலேறி வந்து, ஏதோ ஒரு நிலையத்தில் தனியே நின்றவர் சிலர். இத்தகைய பிள்ளைகள் குழந்தைகள் இல்லங்களிலும், விடுதிகளிலும், வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்கின்றார்கள். சென்னையின் தென்புறத்தே, அடையாறு முதல் தாம்பரம் வரையிலும் அதற்கு அப்பாலும், இத்தகைய இல்லங்கள் பல உள்ளன. அவற்றில் வளரும் இளையோரின் உடல்நலமும் மனநலமும் சிறக்க வேண்டுமானால் யாது செய்ய வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். நான் தாம்பரத்தை அடுத்த ஊர் ஒன்றில் மருத்துவத் தொழில் புரிந்து வருபவன். மாதம் ஒருமுறை சிறுவர் இல்லம் ஒன்றுக்குச் சென்று பிள்ளைகளைச் சோதித்து வருவது என் வழக்கம். ஒருநாள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை, வயிற்றுவலி என்று என்முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தொட்டுப் பார்த்தேன், குறை ஒன்றும் தென்படவில்லை. எத்தனை நாளாக இவ்வலி என்று வினவினேன். உடன் வந்த காப்பாளர், "நான் சென்ற வாரம்தான் இங்கே பணியேற்றேன், ஐயா. பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

பதிவேட்டைப் பார்த்தேன். நான்கு மாதங்களில் பதினொரு முறை, "வயிற்றுவலி, மாத்திரை கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. எழுதிய கைகள் ஐந்து. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் சரிவரவே செய்திருந்தார்கள். ஆனால் அந்தப் பதினொரு நாட்களும் ஞாயிற்றுக்கிழமைகள் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை, முந்தைய மாதங்களில் அதே பக்கங்களின் அடியில் என் கையொப்பம் இருந்தது.

சமையற்கூடத்தில் பணிபுரியும் மூதாட்டியார் ஒருவர் அப்போது மோர் கொண்டுவந்தார். அவரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமைதானே, ஐயா, சொந்தக்காரர்கள் வந்து பார்க்கும் நாள்? மற்றப் பிள்ளைகளுக்கு யாராவது வருவார்கள். இவன் பொழுது சாயும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு சோறு வேண்டாம் என்று படுத்துவிடுவான்" என்றார் அவர். அம்மூதாட்டியார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் பதிவேட்டில் இல்லாத செய்தி அவர் நெஞ்சில் இருந்தது.

அச்சிறுவனின் வலி பொய்யன்று. மனத்தின் துயரம் வயிற்றைப் பற்றி வருத்தும் என்பது மருத்துவர் அனைவரும் அறிந்த உண்மை. குழந்தைகள் நலக்குழுவின் இசைவைப் பெற்று, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் அவனைக் காண வருமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. இருவரும் கேரம் ஆடுவார்கள். பின்னர் அவன் தன் பாடத்தைப் படித்துக் காட்டுவான். வலி அடியோடு அகன்றுவிட்டது என்று நான் கூறமாட்டேன். ஆனால் மாத்திரை வேண்டி நின்ற நாட்கள் அருகிப்போயின.

இது ஓர் இல்லத்திற்கு மட்டும் உரிய குறையன்று. காப்பாளர்கள் முறைவைத்துப் பணிபுரியும் இடங்களிலெல்லாம் இது நிகழக்கூடும். பலர் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்போது, அப்பிள்ளையை முழுமையாக அறிந்தவர் ஒருவரும் இல்லாமற் போகலாம். பல்வலியும் காய்ச்சலும் தம்மைத் தாமே வெளிக்காட்டும். மங்கிய கண்பார்வை அவ்வாறு வெளிப்படாது. உலகம் எல்லாருக்கும் இப்படித்தான் தெரிகிறது என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். இரத்தசோகையும் வெளிப்படாது; "சோம்பேறி" என்ற பட்டத்தில் அது மறைந்துவிடும். உறக்கமின்மையும் அச்சமும் வெளிப்படவே மாட்டா. இவற்றைக் காண்பதற்கு, நேற்று இப்பிள்ளை எப்படி இருந்தது என்பதை அறிந்த கண் ஒன்று வேண்டும்.

நம் தாம்பரத்தின் வரலாறே இவ்வுண்மைக்கு ஒரு சான்று. காசநோயைக் கொல்லும் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், இங்கிலாந்தில் காசநோய் நிலையம் நடத்திப் பயிற்சி பெற்ற டாக்டர் சௌரி முத்து, 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். தூய காற்று, வெயில், நல்லுணவு, ஓய்வு ஆகியவையே அந்நாளில் இந்நோய்க்கு மருத்துவம். 1937ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு அந்நிலையத்தை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. சானடோரியம் என்ற இரயில் நிலையத்தின் பெயரும் அதனால் வந்ததே.

1986ஆம் ஆண்டில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய குழுவினரும், எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் பரவியிருப்பதை முதன்முதலாகச் சென்னையில் கண்டறிந்தார்கள். 1990களில், பிற இடங்களில் கதவடைக்கப்பட்ட நோயாளிகள் பலர் தாம்பரம் மருத்துவமனையை நாடி வந்தனர். அவர்களோடு அவர்களுடைய பிள்ளைகளும் வந்தனர். தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைய, உறவினர் ஏற்க அஞ்ச, அப்பிள்ளைகள் போக்கிடமின்றி நின்றனர். பிறப்பிலேயே அக்கிருமியைப் பெற்றவரும் அவர்களுள் இருந்தனர். குழந்தை மருத்துவரான பி. மனோரமா அவர்கள் அத்தகைய குழந்தைகளுக்காகச் சென்னையில் அக்காலத்திலேயே ஓர் இல்லம் அமைத்தார். அன்று அக்குழந்தைகளில் பலர் நெடுநாள் வாழ்வர் என்று எதிர்பார்த்தவர் மிகச் சிலரே.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்பட்டது. அவற்றுள் தாம்பரமும் ஒன்று. சாவை எதிர்நோக்கியிருந்த குழந்தைகள் வளர்ந்து, பள்ளி சென்று, இளைஞராயினர். மருந்தின் வெற்றி இது. ஆயினும் மருந்து தானே வாய்க்குள் செல்வதில்லை. அதை நாள்தோறும் வேளை தவறாது, வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இடையிடையே விட்டுவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். பத்து வயதுப் பிள்ளை ஒன்று, "எல்லாரும் விளையாடும்போது நான் மட்டும் ஏன் மாத்திரை விழுங்க வேண்டும்?" என்று கேட்கும். அந்த வினாவுக்கு, அப்பிள்ளையின் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ப, பொய் கூறாமலும் அச்சுறுத்தாமலும், படிப்படியாக விடை கூறுபவர் வேண்டும். நேற்று என்ன கூறினோம் என்பதை நினைவில் வைத்து, நாளைய விடையைத் தொடர்பவர் வேண்டும். மருந்தை அரசு தரலாம். மருந்தைப் பயனுடையதாக்குவது அந்த ஒரு மனிதரின் உறவே.

அறிவியல் ஆராய்ச்சியும் இதனையே வலியுறுத்துகிறது. ருமேனியா நாட்டில் 1989ஆம் ஆண்டில் ஆட்சி வீழ்ந்தபோது, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் அடைபட்டிருந்தது உலகிற்குத் தெரியவந்தது. அவர்களுக்கு உணவும் கட்டிலும் இருந்தன. தூக்கிக் கொஞ்சுவார் இல்லை. 2000ஆம் ஆண்டில் தலைநகராகிய புகாரெஸ்டில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. இல்லங்களில் இருந்த 136 பச்சிளங் குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தனர். அவர்களுள் ஒரு பாதியினரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்தெடுத்து, பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். ஆண்டுகள் பல தொடர்ந்து கவனித்தபோது, குடும்பங்களில் வளர்ந்தவர்கள் அறிவிலும், உடல் வளர்ச்சியிலும், பிறரோடு ஒட்டி உறவாடும் பண்பிலும் மேம்பட்டிருந்தனர். இரண்டு வயது நிறைவதற்கு முன்பே குடும்பத்தை அடைந்தவர் மிகுதியாகப் பயன்பெற்றனர். அன்பு என்பது ஆடம்பரப் பொருளன்று. மூளை வளர்வதற்கு வேண்டிய ஊட்டங்களில் அதுவும் ஒன்று என்பது இதனால் புலனாயிற்று.

இவ்வுண்மையை ஆராய்ச்சிக்கு முன்பே தம் வாழ்வில் நடத்திக் காட்டியவர்களும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தேவதாசி முறையிலிருந்து விடுபட்டு அடைக்கலம் தேடி வந்த சிறுமியருக்கு விடுதிகள் இடந்தர மறுத்தபோது, அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றார். 1930ஆம் ஆண்டில் அவ்வாறு அரும்பியதே, பின்னர் அடையாற்றில் நிலைபெற்ற ஔவை இல்லம். அதைத் தொடங்கியவர் ஒரு மருத்துவர் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் அச்சிறுமியருக்கு எழுதிக் கொடுத்த முதல் மருந்து ஒரு வீடு.

ஆஸ்திரிய நாட்டில் 1949ஆம் ஆண்டில், ஹெர்மன் க்மைனர் என்பவர் பெரிய கூடங்களுக்கு மாறாகச் சிறு சிறு வீடுகளையும், ஒவ்வொரு வீட்டிற்கும் நிலையான ஒரு தாயையும் கொண்ட சிறார் கிராமத்தைத் தொடங்கினார். அம்முறை 1964ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தது. தாம்பரத்திலும் அத்தகைய கிராமம் ஒன்று அமைந்தது. எந்த முறையையும் குறையற்றது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் காலையில் எழுப்புபவரும் இரவில் போர்த்துபவரும் ஒருவரே என்னும் நிலை, ஒரு பிள்ளைக்குப் பெரும் பேறு.

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். சிறாருக்கெனத் தனிச் சட்டம் இயற்றுவதில் இந்தியாவிற்கே வழிகாட்டியது சென்னை மாகாணம். 1920ஆம் ஆண்டிலேயே இங்குச் சிறுவர் சட்டம் பிறந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மாவட்டந்தோறும் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட குழந்தைகள் நலக்குழு இருத்தல் வேண்டும். அது மாதத்தில் இருபது நாட்களேனும் கூடுதல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்படுதல் வேண்டும். மாதந்தோறும் மருத்துவச் சோதனை நிகழ்தல் வேண்டும். பிள்ளைகளே உறுப்பினராகத் தம் குறைகளை எடுத்துரைக்கும் குழுவும் இல்லத்தில் இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே அமைதல் வேண்டும். மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை கிடைத்தால் ஒரு பாட்டியார் தம் பேரனைத் தம்மோடே வைத்துக்கொள்ள இயலுமெனில், அவனை இல்லத்திற்கு அனுப்புவது எதற்கு? மிஷன் வாத்சல்யா என்னும் திட்டத்தில் இத்தகைய உதவிக்கு இடமுண்டு.

சட்டம் நன்றாக இருந்தும் நெஞ்சம் வறண்டுவிட்டால் என்ன ஆகும்? இதைக் கூறாமல் விட்டால் என் பேச்சு நேர்மையுடையது ஆகாது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் இறுதியில், செங்கற்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். தமிழ்நாட்டின் சிறார் இல்லங்களை எவ்வாறு சீர்ப்படுத்துவது என்று ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒரு நபர் குழுவாக 2023ஆம் ஆண்டில் அரசு அமர்த்தியது; அவரும் அவ்வாண்டிலேயே தம் அறிக்கையை அளித்தார். நான்கு சுவர்களுக்குள் நிகழ்வது வெளியே தெரியாதிருந்தால், பாதுகாப்பதற்கென்று கட்டிய இடமே பிள்ளைக்குக் கேடாகிவிடும். ஆதலின், வெளியிலிருந்து வந்து பார்க்கும் கண்களும், பிள்ளை அஞ்சாமல் பேசக்கூடிய செவி ஒன்றும் எந்த இல்லத்திற்கும் மருந்துப் பெட்டியைப்போல் இன்றியமையாதவை.

இன்னும் ஒரு கண்டம் இருக்கிறது; அதுவே பதினெட்டாம் வயது. உங்களுக்கு அது வாக்குரிமையும் கல்லூரி வாழ்வும் தரும் வயது. இல்லத்தில் வளர்ந்தவனுக்கோ, பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறும் வயது. வீட்டில் வளர்ந்தவன் வேலை கிடைக்காவிட்டால் வீடு திரும்புவான்; காய்ச்சல் வந்தால் அன்னையாரிடம் கஞ்சி கேட்பான். இவன் எங்கே திரும்புவான்? பெருங்களத்தூரிலோ பல்லாவரத்திலோ ஒரு வாடகை அறையில் முதன்முதலாகக் காய்ச்சல் காணும் இரவில், இவன் யாருக்குத் தொலைபேசியில் சொல்வான்? இருபத்தொரு வயது வரையிலும், தனி நேர்வுகளில் மேலும் இரண்டாண்டுகளும், பிற்காப்பு உதவி வழங்க விதிகள் இடமளிக்கின்றன. அந்த உதவி உரியவரைத் தேடிச் சென்று சேர வேண்டும். வெளியேறும் நாளன்று, ஆதார் அட்டையும் வங்கிக் கணக்கும் மட்டுமன்றி, பிறந்தது முதலான தன் மருத்துவக் குறிப்புகளைக் கொண்ட ஓர் ஏடும் அவன் கையில் இருத்தல் வேண்டும். "எப்போது வேண்டுமானாலும் என்னை அழை" என்று கூறிய ஒருவரின் எண்ணும் அவன் நெஞ்சில் இருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, இதில் உங்கள் பங்கு யாது என்று நீங்கள் கேட்கலாம். தாம்பரம் மருத்துவமனையை அரசு ஏற்ற அதே 1937ஆம் ஆண்டில்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. நோயுற்றோர் ஒருபுறமும் கற்போர் மறுபுறமுமாக வளர்ந்த ஊர் இது. இல்லத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே, உங்கள் பக்கத்து இருக்கையிலேயே இருக்கக்கூடும். அவர்களை இரக்கத்தோடு உற்று நோக்காதீர்கள். பலர் முன்னிலையில் பெற்றோரைப் பற்றித் துருவிக் கேளாதீர்கள். பிறந்தநாளன்று இனிப்புப் பெட்டியும் நிழற்படக் கருவியுமாக இல்லத்திற்குச் சென்று, படம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் அப்பக்கம் தலைகாட்டாமல் இருப்பதை அறம் என்று எண்ணாதீர்கள். வந்து வந்து மறைபவரை அப்பிள்ளைகள் போதிய அளவு கண்டுவிட்டார்கள். முறைப்படி இசைவு பெற்று, மாதம் ஒருநாள் கணக்குச் சொல்லிக்கொடுக்க வருவதாகக் கூறுவீர்களானால், அம்மாதத்தில் அந்நாளில் தவறாது வாருங்கள். சிறிது கூறுங்கள், கூறியதைக் காப்பாற்றுங்கள். இரயில் நிலையத்திலோ கடைத்தெருவிலோ தனித்துத் தவிக்கும் பிள்ளையைக் கண்டால், 1098 என்ற எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். நாளை உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் அலுவலராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள். பதிவேட்டில் கையொப்பமிடும்போது, நான் செய்த பிழையைச் செய்யாமல், தேதிகளையும் படியுங்கள்.

சோறும் மருந்தும் கட்டிலும் வேண்டும். அவற்றைக் குறைவின்றி அளிப்பது அரசின் கடமை, சமூகத்தின் கடமை. அவற்றோடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் கதையை நினைவில் வைத்திருக்கும் ஒருவரேனும் வேண்டும். எழுதப் படிக்க அறியாத அந்தச் சமையற்கார மூதாட்டியார், படித்துப் பட்டம் பெற்ற எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.